மழை பெய்தும் வேலைக்குப் போனாள்

சென்ற கிழமை நமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று, கொஸ்லந்தப் பகுதித் தோட்டமொன்றில் வாழும் மாணவி ஒருத்தி எழுதியது. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருக்கும் பெண். தன் பெயரை வெளியிட வேண்டாமென்று கேட்டிருக்கிறாள். அவள் விருப்பப்படியே விட்டுவிடுகிறோம். கோடிட்ட தாளில், அடித்தல் திருத்தல் இல்லாமல், அழகான கையெழுத்தில் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாள். ‘என் தாயார்’ என்னும் பொருள்பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதினாளாம். அதில் வந்த வாக்கியம் ஒன்றில், ஒரேயொரு சிறு சொல்லை ஆசிரியை சிவப்பு மையால் வெட்டிவிட்டாராம். அது ஏன் என்பதுதான் கேள்வி.

அவள் எழுதிய வாக்கியம் இது: “ஓல்தோ இட் ரெயின்ட் ஹெவிலி, பட் மை மதர் வென்ட் டு வேர்க்.” பலத்த மழை பெய்தபோதிலும் என் தாயார் வேலைக்குப் போனார் என்பது அதன் கருத்து. வெட்டுப்பட்ட சொல் ‘பட்’. “ஓல்தோ என்பதும் எதிர்ப்பைக் காட்டும் சொல், பட் என்பதும் எதிர்ப்பைக் காட்டும் சொல். இரண்டும் சேர்ந்தால் வாக்கியத்திற்கு வலிமை கூடத்தானே வேண்டும்? குற்றம் எப்படி ஆகும்?” என்று அவள் கேட்கிறாள். கேள்வி நியாயமானது. இதே ஐயம், கேட்க வெட்கப்பட்டு மனத்திலேயே வைத்திருக்கும் பெரியவர்கள் பலருக்கும் உண்டு என்பதை நாம் அறிவோம்.

கடிதத்தின் அடியில், கையொப்பத்திற்கு மேலே, ஆங்கிலத்தில் இன்னொரு வரியும் எழுதியிருக்கிறாள். அதில் இலக்கணப் பிழை ஏதும் இல்லை. ஆனாலும் நம்மை அதிக நேரம் சிந்திக்க வைத்தது அந்த வரிதான். அதைப்பற்றி இறுதியில் பேசுவோம்.

பிள்ளைகள் உரக்கப் படிக்க, ஆங்கில எழுத்தறியாத தாய்மாரும் அருகிருந்து கேட்கும் பக்கம் இது. ஆகவே ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே தருகிறோம். வாய்விட்டுப் படித்தால் ஓசை விளங்கிவிடும். பின்னர் மாணாக்கர் தத்தம் கொப்பியில் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்வாராக.

முதலில் அந்தச் சிவப்பு மையின் காரணத்தைப் பார்ப்போம்.

கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டுவதற்கு ஒரு கயிறு போதும். இரண்டு கயிறு போட்டால் கூடை உறுதியாக நிற்காது. ஒன்றோடொன்று இழுபட்டுக் கழுத்தைத்தான் நோகச் செய்யும். ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியங்களை எதிரெதிராக வைத்துப் பிணைப்பதற்கும் ஒரு கயிறே போதும். ‘ஓல்தோ’ என்பது வாக்கியத்தின் தலையிலே கட்டும் கயிறு. ‘பட்’ என்பது இரண்டு பாகங்களுக்கும் நடுவிலே கட்டும் கயிறு. தலையில் கட்டினால் நடுவில் வேண்டியதில்லை. நடுவில் கட்டினால் தலையில் வேண்டியதில்லை. எனவே நம் மாணவி இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். “ஓல்தோ இட் ரெயின்ட் ஹெவிலி, மை மதர் வென்ட் டு வேர்க்” எனலாம். அல்லது, “இட் ரெயின்ட் ஹெவிலி, பட் மை மதர் வென்ட் டு வேர்க்” எனலாம். இரண்டும் நல்ல ஆங்கிலமே. ‘ஓல்தோ’வோடு ‘யெட்’ என்னும் சொல்லைச் சேர்த்து எழுதும் வழக்கம் பழைய நூல்களில் உண்டு. அது இலக்கண வழுவன்று. பரீட்சை எழுதும் பிள்ளைகள் ஒன்றோடு நிறுத்திக்கொள்வதே நலம்.

சரி, இந்த இரட்டைக் கயிற்றை நம் பிள்ளைகள் ஏன் போடுகிறார்கள்? தமிழில் நாம் அப்படிப் பேசுவதில்லையே! “மழை பெய்தபோதிலும் அம்மா வேலைக்குப் போனாள்” என்றுதான் சொல்கிறோமேயன்றி, நடுவிலே ‘ஆனால்’ என்று இன்னொன்றைச் செருகுவதில்லை. நமக்குத் தோன்றும் காரணம் இது. தமிழிலே முரணைக் காட்டும் அடையாளம் முதற்பாகத்தின் கடைசியில் வருகிறது. ‘பெய்தபோதிலும்’ என்று சொல்லி வாய் மூடும் இடத்தில், இரண்டு பாகமும் சந்திக்கும் மூட்டிலேயே, ‘உம்’ உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலத்து ‘ஓல்தோ’வோ தொடக்கத்திலேயே வந்து போய்விடுகிறது. நீண்ட முதற்பாகத்தைச் சொல்லி முடித்து மூட்டுக்கு வரும்போது அங்கே ஒன்றும் இல்லை. தமிழ்ச் செவி அவ்விடத்தில் ஒரு சொல்லை எதிர்பார்த்துப் பழகியது. வெறுமையாக இருப்பதைப் பொறுக்காமல் ‘பட்’ டை எடுத்து வைத்துவிடுகிறது. ஆகவே இது அறியாமையால் வந்த பிழையன்று. தாய்மொழியின் பழக்கத்தால் வந்த பிழை. காரணம் தெரிந்துவிட்டால் திருத்துவது எளிது. ‘ஓல்தோ’ என்று வாய் திறந்தவுடன், “நடுவிலே ஒரு காற்புள்ளி மட்டும், சொல் வேண்டாம்” என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்ளுங்கள்.

இந்த ‘உம்’ தமிழுக்குக் கிடைத்த பெருஞ்செல்வம். நன்னூலார் இந்த ஓரிடைச்சொல்லுக்கு எட்டுப் பொருள் கூறுகிறார். ‘நானும் வருகிறேன்’ என்று கூட்டுவதும் அதுவே. ‘போனாலும் கிடைக்காது’ என்று முரணுவதும் அதுவே. நம் அயலார் பேசும் சிங்களத்திலும் இதே அமைப்பு இருப்பதைக் கொஸ்லந்தக் கடைவீதியில் நின்று கேட்டாலே அறியலாம். ‘மமத்’ என்றால் நானும்; ‘கியத்’ என்றால் போனாலும். நம் ‘உம்’ செய்யும் இரு வேலைகளையும் அங்கே ‘த்’ செய்கிறது. ஆகவே இந்தப் பாடத்தில் தமிழ்ப் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் ஒரே படியில்தான் நிற்கிறார்கள். இருவருக்கும் மூட்டிலே அடையாளம் வைத்துப் பழக்கம்; இருவரும் ஆங்கிலத்தின் தலைக்கட்டைப் புதிதாகவே கற்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது, வரிசை. தமிழில் ‘பெய்தபோதிலும்’ என்ற பாகம் முன்னே வருவதே இயல்பு. ஆங்கிலத்தில் ‘ஓல்தோ’ப் பாகம் முன்னேயும் வரலாம், பின்னேயும் வரலாம். “ஓல்தோ தியலும இஸ் ஹை, பம்பரகந்த இஸ் ஹையர்” என்பது ஒரு வாக்கியம். கொஸ்லந்தையிலிருந்து வெல்லவாய செல்லும் வழியில் விழும் தியலும நீர்வீழ்ச்சி ஏறத்தாழ 220 மீற்றர் உயரமுடையது. அதே பதுளை மாவட்டத்திலுள்ள பம்பரகந்த அதனினும் உயரமானது. ஆகவே செய்தியும் சரி, இலக்கணமும் சரி. இதனையே, “பம்பரகந்த இஸ் ஹையர், ஓல்தோ தியலும இஸ் ஹை” என்று திருப்பிப் போட்டாலும் பிழையில்லை. ‘பட்’ டுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. அது எப்போதும் இரண்டுக்கும் நடுவிலேதான் நிற்கும்.

மூன்றாவது, நம்மவர் மிகவும் தடுமாறும் இடம். “மழை பெய்தாலும் வேலைக்குப் போவேன்” என்கிறோம். இங்கே மழை இன்னும் பெய்யவில்லை. பெய்யலாம், பெய்யாமலும் போகலாம். “மழை பெய்தாலும் அம்மா வேலைக்குப் போய்விட்டாள்” என்றும் பேச்சிலே சொல்கிறோம். இங்கே மழை பெய்தாகிவிட்டது. ‘பெய்தாலும்’ என்ற ஒரே சொல் நடவாததற்கும் நடந்ததற்கும் பொதுவாகப் பயன்படுகிறது. ஆங்கிலம் இவ்விரண்டையும் கண்டிப்பாகப் பிரித்துவிடும். நடந்ததோ நடவாததோ என்று நிச்சயமில்லாதபோது ‘ஈவின் இஃப்’. நடந்துவிட்ட உண்மையானால் ‘ஈவின் தோ’ அல்லது ‘ஓல்தோ’. “ஈவின் இஃப் இட் ரெயின்ஸ், ஷீ வில் கோ” என்றால், மழை வந்தாலும் போவாள். “ஈவின் தோ இட் ரெயின்ட், ஷீ வென்ட்” என்றால், மழை பெய்தும் போனாள். தமிழிலும் இந்த வேற்றுமையைத் துல்லியமாகக் காட்ட வழியுண்டு. ‘பெய்தும்’, ‘பெய்தபோதிலும்’ என்பவை நடந்ததற்கே உரியவை. மொழிபெயர்க்குமுன் தமிழ் வாக்கியத்தில் ‘பெய்தும்’ என்று மாற்றிப் பாருங்கள். பொருந்தினால் ‘ஈவின் தோ’. பொருந்தாவிட்டால் ‘ஈவின் இஃப்’. இந்த உரைகல் ஒருநாளும் ஏமாற்றாது.

இன்னும் இரண்டு சிறு குறிப்புகள். ‘டிஸ்பைட்’ என்பதும் ‘இன் ஸ்பைட் ஒவ்’ என்பதும் பெயர்ச்சொல்லோடு சேருவன. “டிஸ்பைட் த ரெயின், ஷீ வென்ட்” என்க. ‘டிஸ்பைட்’ டின் பின்னே ‘ஒவ்’ வராது. ‘ஹவெவர்’ என்பது இரண்டு வாக்கியங்களை ஒன்றாகக் கட்டாது. முதல் வாக்கியத்தை முற்றுப்புள்ளியிட்டு முடித்துவிட்டு, அடுத்த வாக்கியத்தின் தொடக்கத்தில் ‘ஹவெவர்’ என்று எழுதிக் காற்புள்ளி இட வேண்டும். இலக்கணம் இவ்வளவே. பரீட்சைக்கு இது போதும்.

ஆனால் வாழ்க்கைக்கு இது போதாது. இனித்தான் நாம் சொல்ல வந்த விஷயம்.

“த ரூம் இஸ் ஸ்மோல், பட் இட் இஸ் கிளீன்.” காம்பரா சிறியது, ஆனால் சுத்தமானது. “த ரூம் இஸ் கிளீன், பட் இட் இஸ் ஸ்மோல்.” காம்பரா சுத்தமானது, ஆனால் சிறியது. இரண்டிலும் செய்தி ஒன்றே. ஆயினும் முதல் வாக்கியத்தைச் சொன்னவர் அந்தக் காம்பராவில் குடியிருக்க இசைகிறார். இரண்டாவதைச் சொன்னவர் வேறிடம் பார்க்கப் போகிறார். ‘பட்’ டுக்குப் பின்னே வருவது எதுவோ அதுவே பேசுகிறவரின் முடிவு. ‘ஓல்தோ’ வாக்கியத்திலே, அந்தச் சொல் இல்லாத பாகமே கனமான பாகம். முரண் இணைப்பு என்பது தராசு. எந்தத் தட்டில் எதை வைக்கிறோம் என்பதில் பேசுகிறவரின் மனம் தெரிந்துவிடும்.

இதனினும் ஆழமான ஒன்று உண்டு. இரண்டு செய்திகளுக்கு நடுவே ‘ஆனால்’ என்று சொல்லும்போது, அவ்விரண்டும் சாதாரணமாக ஒன்றாக இரா என்று நாம் எண்ணுவதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். “மழை பெய்தும் வேலைக்குப் போனாள்” என்றால், மழை பெய்தால் மனிதர் வீட்டில் இருப்பதே இயல்பு என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. அந்த எண்ணம் எழுத்தில் இல்லை. ‘உம்’ முக்குள் ஒளிந்திருக்கிறது. கொழும்பிலே இருப்பவருக்கு அந்த வாக்கியம் வியப்பாக இருக்கும். மலைநாட்டிலே படங்கைக் கட்டிக்கொண்டு, கம்பளியைப் போர்த்துக்கொண்டு பெரட்டுக்குப் போகிறவருக்கு அதில் வியப்பு என்ன இருக்கிறது? ‘மழை பெய்தது, வேலைக்குப் போனேன்’ என்பார். ஆகவே ஒரு ‘ஓல்தோ’வைக் கண்டால், அதற்குள் ஒளிந்திருக்கும் எதிர்பார்ப்பு யாது, அது யாருடைய எதிர்பார்ப்பு என்று கேட்க வேண்டும்.

சில இடங்களில் அந்த எதிர்பார்ப்பு நியாயமானது. “ஓல்தோ தே வேர் போர்ன் இன் சிலோன், தே வேர் நொட் சிட்டிசன்ஸ்.” இலங்கையிலே பிறந்தபோதிலும் அவர்கள் பிரசைகளாக இருக்கவில்லை. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்திற்குப் பின் தோட்டத் தமிழ் மக்களிற் பெரும்பாலோரின் நிலை அதுவே. 1964 இல் இரு நாட்டுப் பிரதமர்களும் செய்த உடன்படிக்கை அவர்களை இந்தியாவுக்கு இத்தனை பேர், இலங்கைக்கு இத்தனை பேர் என்று பங்கிட்டது. எஞ்சியிருந்தோருக்கும் பிரசாவுரிமை வழங்க 2003 ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வர வேண்டியிருந்தது. பிறந்த மண்ணில் ஒருவருக்கு உரிமை உண்டு என்ற எதிர்பார்ப்பு அந்த ‘ஓல்தோ’வுக்குள் இருக்கிறது. யார் கேட்டாலும் அது நியாயமென்றே சொல்வர். “அவள் நாள் முழுவதும் கொழுந்து எடுத்தாள், ஆனால் அரைப்பேர்தான் விழுந்தது” என்று ஒரு தாய் சொல்லும்போதும் அப்படியே. உழைத்த நாளுக்கு முழுப்பேர் விழ வேண்டும் என்ற எண்ணம் அந்த ‘ஆனால்’ என்ற சொல்லுக்குள் நின்று வாதாடுகிறது. இவை நேர்மையான ‘ஆனால்’கள்.

நேர்மை குறைந்தவையும் உண்டு. அதற்கு உதாரணம் தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. கொஸ்லந்தையே சாட்சி.

2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில், கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டப்பிரிவில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்நேரத்தில் பாடசாலைக்குப் போயிருந்ததால் உயிர் தப்பிய பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது, வீடு இருந்த இடத்தில் மண்தான் இருந்தது. மண்ணுக்கு அடியிற் போன சிலரின் உடல் கடைசிவரை கிடைக்கவேயில்லை. அத்துயரத்தைப் பற்றிப் பின்னர் வந்த செய்திகளில் ஒன்று திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. அவ்விடம் அபாயமானது, மக்கள் வேறிடம் செல்ல வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 ஆம் ஆண்டிலும் 2011 ஆம் ஆண்டிலும் எச்சரித்திருந்தது என்பதே அது.

இச்செய்தியைப் பேசியோர் பலர் அதனைக் கட்டிய முறையை, நம் பாடத்திற்காக ஒரு வாக்கியமாக்கிப் பார்ப்போம். “ஓல்தோ த பீப்பிள் வேர் வோர்ன்ட், தே டிட் நொட் லீவ்.” எச்சரிக்கப்பட்டபோதிலும் மக்கள் வெளியேறவில்லை. இலக்கணத்தில் குற்றமே இல்லை. சிவப்பு மை வைக்க இடமில்லை. ஆனால் அந்த ‘ஓல்தோ’வுக்குள் ஒளிந்திருக்கும் எதிர்பார்ப்பைப் பாருங்கள். எச்சரித்தால் மனிதர் எழுந்து போய்விடுவதே இயல்பு என்கிறது அது. போவதற்கு இடம் உள்ளவனுக்கு அது இயல்புதான். லயக் காம்பராவோ அதில் வாழ்ந்தவர்களுக்குச் சொந்தமானதன்று, தோட்டத்திற்குரியது. அவர்கள் பெயரில் வேறோர் அடி நிலமும் இல்லை. வேலை அந்த மலையிலே. பிள்ளைகளின் பள்ளிக்கூடம் அந்த மலையிலே. பேர் விழும் செக்ரோல் அந்த மலையிலே. மழைக்காலத்து இரவுகளில் அம்மக்கள் மனத்தில் இருந்திருக்கக்கூடிய வாக்கியம் வேறு. “ஈவின் இஃப் த ஹில் ஃபோல்ஸ், வி ஹேவ் நோவேர் டு கோ.” மலை விழுந்தாலும் நமக்குப் போக இடமில்லை. அன்றைக்கு அது ‘ஈவின் இஃப்’. ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை அது ‘ஈவின் தோ’ ஆயிற்று. மலை விழுந்தும் போக இடமில்லை. உயிர் தப்பியோர் முதலிற் பாடசாலைக் கட்டடங்களில் தங்கினர். பூனாகலைப் பகுதியில் அவர்களுக்குப் புதிய வீடுகள் கட்டி ஒப்படைக்கப்பட 2016 ஆம் ஆண்டாயிற்று.

ஆகவே அந்த வாக்கியத்தை உண்மைக்கு ஏற்பத் திருத்துவோமானால் எப்படி எழுத வேண்டும்? முதற்பாகத்தில் கை வைக்க வேண்டியதில்லை. எச்சரிக்கை கொடுக்கப்பட்டது உண்மைதான். இரண்டாம் பாகத்தையே மாற்ற வேண்டும். “த பீப்பிள் வேர் வோர்ன்ட், பட் தே வேர் நொட் கிவ்ன் ஹவுசஸ்.” மக்கள் எச்சரிக்கப்பட்டார்கள், ஆனால் அவர்களுக்கு வீடு கொடுக்கப்படவில்லை. முன்னைய வாக்கியத்திலே தராசின் கனமான தட்டில் மக்களின் பிடிவாதம் இருந்தது. இதிலே கட்டப்படாத வீடு இருக்கிறது. எச்சரித்தால் மாற்றிடமும் கொடுக்க வேண்டும் என்பதே இதற்குள் இருக்கும் எதிர்பார்ப்பு. எது நியாயமான எதிர்பார்ப்பு என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும்.

இது பழங்கதையுமன்று. 2023 மார்ச்சில் பூனாகலையைச் சேர்ந்த கபரகலைத் தோட்டத்திலும் மண் சரிந்து வீடுகள் சேதமுற்றன. 2025 நவம்பரில் வீசிய டித்வா புயலின்போது பதுளை மாவட்டமும் மலைநாட்டின் பிற மாவட்டங்களும் மண்சரிவால் பட்ட பாட்டை நாம் இன்னும் மறக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர், “சொல்லியும் கேட்கவில்லை” என்பார். அந்தச் ‘சொல்லியும்’ என்பதில் இருக்கும் ‘உம்’ மை நிறுத்தி விசாரிக்க நம் பிள்ளைகள் கற்க வேண்டும். “சொன்னீர்கள், சொன்னபின் என்ன செய்தீர்கள்?” என்று மரியாதையாகக் கேட்கத் தெரிய வேண்டும். அதை ஆங்கிலத்திலும் கேட்கத் தெரிந்தால் இன்னும் நல்லது. அறிக்கைகள் பலவும் அம்மொழியில்தான் எழுதப்படுகின்றன.

இனி, மாணவியின் கடிதத்தின் கடைசி வரிக்கு வருவோம். அவள் எழுதியிருந்தது இது: “ஓல்தோ ஐ ஏம் ஆன் எஸ்டேட் சைல்ட், ஐ லைக் இங்கிலிஷ்.” நான் தோட்டத்துப் பிள்ளையாக இருந்தபோதிலும் எனக்கு ஆங்கிலம் பிடிக்கும்.

மகளே, இதில் ‘பட்’ டை நீ சேர்க்கவில்லை. ஆசிரியை சொன்னதை நன்றாக மனத்தில் வாங்கியிருக்கிறாய். காற்புள்ளியும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. பரீட்சையில் இதற்கு முழுப் புள்ளி கிடைக்கும். ஆயினும் ஒரு கேள்வி. இந்த ‘ஓல்தோ’வுக்குள் ஒளிந்திருக்கும் எதிர்பார்ப்பு என்ன? தோட்டத்துப் பிள்ளைக்கு ஆங்கிலம் பிடிக்காது, வராது என்பதல்லவா? அது யாருடைய எண்ணம்? உன்னுடையதா? உன் தாயாருடையதா? நீங்கள் இருவரும் அப்படி எண்ணியிருந்தால், மழைநாளில் அவர் வேலைக்குப் போய் உன்னைப் பள்ளிக்கு அனுப்பியிருக்க மாட்டார்; நீயும் நமக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதியிருக்க மாட்டாய். அது வேறு யாரோ சொல்லி, உன் காதில் விழுந்து, உன் பேனாவின் வழியே வந்துவிட்ட எண்ணம். ‘தோட்டத்துப் பிள்ளை, ஆனால் கெட்டிக்காரி’ என்று யாரேனும் உன்னைப் புகழ்ந்திருக்கலாம். புகழ்ச்சி போல ஒலிக்கும் அந்த வார்த்தை உன்னை உயர்த்துகிறது. உன் லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேரையும் தாழ்த்திவிடுகிறது.

ஆகவே நாம் ஒரு திருத்தம் சொல்கிறோம். இது சிவப்பு மைத் திருத்தமன்று. ஏற்பதும் விடுவதும் உன் விருப்பம். ‘ஓல்தோ’வை எடுத்துவிட்டு, நடுவிலே ‘அண்ட்’ என்று எழுதிப் பார். “ஐ ஏம் ஆன் எஸ்டேட் சைல்ட், அண்ட் ஐ லைக் இங்கிலிஷ்.” நான் தோட்டத்துப் பிள்ளை, எனக்கு ஆங்கிலம் பிடிக்கும். இரண்டும் உண்மை. இரண்டுக்கும் சண்டை இல்லை. உரக்கப் படித்துப் பார். தலை தானாக நிமிரும்.

‘ஓல்தோ’வை வெறுக்கச் சொல்கிறோம் என்று யாரும் எண்ண வேண்டாம். உண்மையான முரண் உள்ள இடத்தில் அதனை உரத்துச் சொல்லுங்கள். உழைத்தும் கூலி குறைந்தால் சொல்லுங்கள். பிறந்தும் உரிமை இல்லையென்றால் சொல்லுங்கள். எச்சரித்தும் வீடு தரப்படவில்லையென்றால் கட்டாயம் சொல்லுங்கள். இல்லாத முரணைப் பிறர் நம் வாயில் வைத்தால் மட்டும் அதை வாங்கிக்கொள்ள வேண்டாம்.

வழக்கம்போல ஒரு சிறு பயிற்சி. கீழ்வரும் ஐந்தையும் ஆங்கிலத்தில் எழுதி, ஒவ்வொன்றிலும் ஒரே இணைப்புச் சொல்லைப் பயன்படுத்துக.

1. பஸ் பிந்தி வந்தும் நான் பள்ளிக்கு நேரத்துக்குப் போனேன்.
2. பஸ் பிந்தி வந்தாலும் நான் காத்திருப்பேன்.
3. பாதை சிறியது, ஆனால் நல்ல பாதை.
4. குளிரையும் பொருட்படுத்தாமல் தாத்தா விடியற்காலையில் எழுந்தார்.
5. மழை பெய்தது, அம்மா வேலைக்குப் போனாள்.

முதலாவதில் ‘தும்’ என்றும் இரண்டாவதில் ‘தாலும்’ என்றும் இருப்பதைக் கவனித்தால் ‘தோ’ எங்கே, ‘இஃப்’ எங்கே என்பது புலனாகும். நான்காவதற்கு ‘டிஸ்பைட்’ உதவும். ஐந்தாவதற்கு மட்டும் நாம் விடை சொல்லப்போவதில்லை. அங்கே ‘அண்ட்’ வருமா, ‘பட்’ வருமா என்பதை, மழையில் நனைந்து வரும் உங்கள் தாயாரைக் கேட்டு எழுதுங்கள்.